கட்டி ஐயா

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரைக் கட்டி ஐயா என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொல்வார்கள். கொட்டகலையில் ரயிலை விட்டிறங்கி, குடையைக் கோட்டின் பின்கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு ரெக்சின் பையுடன் மேடேறி வருவார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவார். அதற்குள் கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், ஒங்க கட்டி ஐயா வர்றாரு!" என்பான். வகுப்பே சிரிக்கும். நான் மட்டும் சாக்பீஸை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பேன்.

அவர் டொக்டர் இல்லை. கீழே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை வாட்டில் கிளாக்கராக இருந்தவர். நோயாளிகளின் விவரத் தாளான டிக்கட்டை எழுதுவதும் புத்தகம் போடுவதும்தான் அவருடைய வேலை. ஆனால் அங்கிருந்த சிங்கள சேர்ஜன் அவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். இரைப்பையில் ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டி வந்து வெட்டியெடுக்கப்பட்டவர்களை வருடத்துக்கு ஒருமுறையாவது தேடிப் போய், எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். சாதாரணமாக வயிற்றில் வரும் புற்றுநோய் இரைப்பையின் உள்தோலில் பிறக்கும். எங்களுக்கு வந்தது அதன் சுவரில், சதைக்குள் பிறப்பது. சிலருக்கு வெட்டியதோடு முடிந்துவிடும். சிலருக்கு நாலைந்து வருடம் கழித்து ஈரலில் முளைக்கும். யாருக்கு எது, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, இரைப்பையில் பெரும்பகுதியை எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. வெட்டப்பட்டவர்களை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியவரும். நான் அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் ஒருத்தி.

முதன்முதலாக அவரைப் பார்த்தது, எனக்கு ஒப்பரேஷன் நடப்பதற்கு முந்தின நாள். என் மகள் அமலாவுக்கு அப்போது பத்து மாதம். அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, பால் கட்டிய மார்போடு வாட்டில் கிடந்தேன். அவர் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "கறுப்பா வெளிக்குப் போக ஆரம்பிச்சது எப்பங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"எத வச்சு ரெண்டு மாசம்னு சொல்றீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. யார் இதையெல்லாம் நாள் பார்த்து வைப்பார்கள்? மேலும், பிள்ளை பெற்றவளுக்குத் தோட்டத்து மருத்துவிச்சி மிஸ்ஸி கொடுத்த இரும்பு மாத்திரையால்தான் கறுப்பாகப் போகிறது என்று நானே முடிவு செய்திருந்தேன். களைப்புக்குப் பால் கொடுப்பதைக் காரணமாக வைத்திருந்தேன். படித்தவள், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அவர் விடவில்லை. "பாப்பா அப்ப குப்புற விழுந்துருச்சா? தவழ்ந்துச்சா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தபோது அமலா பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். தவழவில்லை. அப்படியானால் ஐந்து மாதம். ஐந்து மாதமாக என் இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் சொல்லவில்லை. 'ரெண்டு' என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு 'ஐந்து' என்று எழுதினார். பிறகு, "இது நெசம். ரெண்டுன்னு எழுதியிருந்தா பொய்யாப் போயிருக்கும்," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவரிடம் இருந்தது இந்த ஒரே குணம்தான் என்று சொல்லிவிடலாம். பார்த்தது வேறு, கேட்டது வேறு. இரண்டும் கலந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய நீளப் புத்தகத்தில் தன் கண்ணால் பார்த்ததை நீல மையிலும், பிறர் சொல்லிக் கேட்டதைப் பென்சிலிலும் எழுதுவார். "சொகமா இருக்கேன்" என்று நாங்களே சொன்னாலும் அது பென்சில்தான். எடை பார்த்து, சாப்பிட்டதைக் கேட்டு, மிஸ்ஸியைக் கூப்பிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, தான் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று, "தழும்பு சரியா இருக்கா மிஸ்ஸி? ஈரல் பக்கம் கை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டு முடித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

எடை பார்க்க ஒரு தடவை அவர் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசு பழுதாகிவிட்டது. என் கணவர், "பாத்தா தெரியலையாங்க, சதை போட்டுத்தான் இருக்கா," என்றார். கட்டி ஐயா கேட்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாக்கை மாட்டும் கொக்கியில் கயிற்றைக் கட்டி, அதில் என்னைத் தொங்கச் சொன்னார். இரண்டாம் கொழுந்து நிறுவைக்கு வந்திருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"டீச்சருக்கும் ஈரத்துக்கு ரெண்டு றாத்தல் கழிப்பீங்களா கங்காணி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நேத்து மழையில நனைஞ்சிருந்தா மூணு கழிக்கணும்," என்றார் கங்காணி.

மடுவமே அதிர்ந்தது. கட்டி ஐயா மட்டும் சிரிக்கவில்லை. முள் ஆடி நிற்கும்வரை பார்த்திருந்து, "நூத்தி ஆறு. போன வருசத்துக்கு நாலு கூட," என்று எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் குவாட்டர்ஸில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்தார். அந்த நாலு றாத்தல் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்பது, இரண்டாவது கோப்பை கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் அவரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "வட்டகொடைப் பாக்கியம் எப்படி இருக்காங்க?"

பாக்கியத்தை நான் பார்த்ததே இல்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு நான் பயந்து அழுதுகொண்டிருந்தபோது, வாட்டைக் கூட்டும் அம்மா சொன்னாள்: "எதுக்கு அழுவுற? ரெண்டு வருசத்துக்கு முந்தி வட்டகொடைப் பக்கத்துப் பாக்கியத்துக்கு இதே கட்டிதான், இதே கட்டில்ல கெடந்துச்சு. அதுக்கும் கட்டிய மட்டுந்தான் எடுத்தாங்க. இப்ப கொழுந்து எடுக்குதாம்." அன்றிலிருந்து அந்தப் பெண்ணை நான் பிடித்துக்கொண்டேன். அவள் எனக்கு இரண்டு வருடம் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் விழாமல் நடந்தால் நானும் நடப்பேன். அமலாவுக்கு இரண்டு வயதில் அம்மை ஊசி போடும்போது, பாக்கியத்துக்கு மூன்று வருடம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். இப்படி நினைப்பது பாவமோ என்றும் தோன்றும். ஆனாலும் நினைத்தேன்.

அவர் மற்ற நோயாளிகளைப் பற்றிப் பேசமாட்டார். நான் தொல்லை செய்தபோது ஒரே ஒரு தடவை சொன்னார்: "பாக்கியம் பென்சில்ல இருக்கு."

"அப்படின்னா?"

"மொத வருசம் நானே பாத்தேன். அப்புறம் மூணு தடவ போயிட்டேன். மேமலைக்குப் போயிருக்கு, சாமி கும்பிடப் போயிருக்குன்னு லயத்துல ஏதாச்சும் ஒண்ணு சொல்லுறாங்க. ஆபீஸ் கிளாக்கர் துண்டு எழுதிக் குடுத்திருக்காரு, வேலைக்கு வர்றவங்க பேரு போடுற செக்ரோல்ல பேரு இருக்கு, மாசம் இருபது நாளுக்கு மேல வேலைக்கு வருதுன்னு."

எனக்கு உயிர் வந்தது. "பெறகு என்னங்க? மாசம் இருபது நாள் மலையேறுற பொம்பளைக்கு நோய் இருக்குமா?"

"சேர்ஜன் மாத்தயாவும் அதத்தான் சொல்றாரு. கட்டிய மட்டும் எடுத்தாப் போதும்னு கொழும்புல டொக்டருங்க கூட்டத்துல படிக்கணுமாம். எழுதிக் குடு, எழுதிக் குடுங்கிறாரு." அவர் புத்தகத்தை மூடினார். "செக்ரோலுக்கு வயிறு இல்லீங்க டீச்சர்."

அவரை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதனுக்கு நல்ல செய்தி கையில் கிடைத்தும், அதை எழுத மனமில்லை என்றால் என்ன மனிதன்?

அடுத்த ஓகஸ்ட் விடுமுறையில் அவராகவே வந்து கேட்டார். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் மருத்துவிச்சி இல்லை. ஆம்பிளை போய்த் தழும்பைக் காட்டு என்று கேட்க முடியாது. "கூட ஒரு பொம்பள வந்தா நல்லது." என் கணவர் வேண்டாம் என்றார். நான் அமலாவையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உதவி செய்யப் போனேன் என்று சொல்வதற்கில்லை. பாக்கியத்தை என் கண்ணால் பார்க்கப் போனேன்.

அந்தி நிறுவை முடிந்து பெண்கள் தங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குத் திரும்பும் நேரம். கங்காணி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கூப்பிட்டார்: "அடியே பாக்கியம்! இங்க வா. ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்காங்க."

தலையிலிருந்து கூடைக் கயிற்றை இறக்கிக்கொண்டே ஒருத்தி வந்தாள். உறுதியான கை, வெற்றிலைச் சிவப்பு வாய், கன்னத்தில் சதை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளா, இவளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். "உள்ள கூட்டிட்டுப் போங்க டீச்சர்," என்றார். குரல் வேறாக இருந்தது. எனக்குப் புரியவில்லை.

லயத்து அறைக்குள் அடுப்புப் புகை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "நானும் ஒன்ன மாதிரிதாம்மா, பயப்படாத," என்று என் தழும்பை முதலில் காட்டினேன். மார்புக்குழியிலிருந்து தொப்புள்வரை போகும் கோடு. அவள் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் சேலையை விலக்கினாள். பிள்ளை பெற்ற சுருக்கங்கள் இருந்தன. கோடு இல்லை.

ஒரு நிமிடம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு எவ்வளவு நன்றாக ஆறிவிட்டது, தடமே தெரியவில்லை என்று நினைத்தேன்.

"டீச்சர், நான் தங்கச்சிங்க. செல்லம்மா," என்று அவள் அழத் தொடங்கினாள்.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு பாக்கியமும் புருஷனும் பிள்ளைகளோடு வடக்கே வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போய்விட்டார்கள். ஆபீசில் சொல்லவில்லை. தோட்டத்தில் புதுப் பேர் பதியாத காலம் அது. செல்லம்மா அக்காவின் பேரிலேயே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் போய் நின்றாள். கங்காணிக்கும் தெரியும். லயம் முழுக்கத் தெரியும். எங்கள் மலைகளில் அப்படிப் பலர் இன்னொருவர் பேரில் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். அது யாருக்கும் குற்றமாகத் தெரிந்ததில்லை. குடும்பத்துக்குள் இருந்த ஒரு பேரை வீணாக்காமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"அப்ப ஒங்க அக்கா?" என்று கேட்டேன்.

அவள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "பக்கத்து லயத்துத் தம்பி படிச்சுச் சொல்லுச்சு. நீங்களும் படிங்க."

அவர் வாசற்படியில் வந்து நின்றார். நான் சத்தமாகப் படித்தேன். பாக்கியத்தின் புருஷன் யாரையோ வைத்து எழுதியது. 'போன ஐப்பசியில் பாக்கியத்துக்கு வயிறு மறுபடியும் கல்லாகிப் போச்சு. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தோம். கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாள் போய்விட்டது. பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ அங்கே வேலையை விட்டுவிடாதே.'

அமலா என் மடியில் உட்கார்ந்து கடிதத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுத்து தெரியவில்லை.

"கண்ணு மஞ்சளாச்சுன்னு எழுதியிருக்கா?" என்று அவர் கேட்டார்.

அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பேன். "இல்ல!" என்று கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தார். எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை முனை உடைந்தது.

"ஐயா, ஆபீசுக்குச் சொல்லிறாதீங்க. ரெண்டு புள்ள இருக்குங்க," என்று செல்லம்மா அவர் காலில் விழப் போனாள்.

அவர் சட்டென்று பின்வாங்கினார். "எந்திரிம்மா. நான் வயிறு பாக்குற ஆளு. ஒங்க பெரட்டுக்கும் எனக்கும் என்ன இருக்கு?"

ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தோம். அமலாவை அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாதி வழியில் நின்று, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஒப்பரேஷனுக்கு முன்னால் நான் சேர்ஜனிடம், பிள்ளை தனியாக இருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கெஞ்சியிருந்தேன். அதற்காகத்தான் அவர் சின்ன வெட்டோடு விட்டுவிட்டாரோ? நானே கேட்டு வாங்கிய சாவோ?

"டீச்சர், வயித்தத் தெறந்து பாத்த பெறகுதான் அவரு முடிவு பண்ணுனாரு. நீங்க மயக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒங்ககிட்ட யாரும் அபிப்பிராயம் கேக்கல."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவர் மறுபடியும் நடக்கத் தொடங்கியபடி சொன்னார்: "பாக்கியத்துக்குத் தேங்கா அளவு. எடுக்கும்போதே ஒடஞ்சு போச்சு. ஒங்களுக்கு எலுமிச்சங்கா. முழுசா வந்துச்சு. அந்த வித்தியாசம் போதுமான்னு எனக்குத் தெரியாது. மாத்தயாவுக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னா நம்பாதீங்க."

அடுத்த மாதம் அவர் லீவு போட்டு வவுனியாவுக்குப் போனார். குடிசையைப் பார்த்தார், புதைத்த இடத்தைப் பார்த்தார், அங்கத்தைய ஆஸ்பத்திரி டிக்கட்டையும் பார்த்தார். ஈரல் முழுக்கக் கட்டி. அதற்குப் பிறகுதான் மையில் எழுதினார். ஒரே பெண் அவர் புத்தகத்தில் இறந்துவிட்டாள், தோட்டத்துப் புத்தகத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சேர்ஜன் எழுதி வைத்திருந்த கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். எங்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பெரிய கட்டிக்காரர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். இருவருக்கு மறுபடியும் வளர்ந்திருந்தது. ஒருவருக்கு வெட்ட முடிந்தது.

என் படத்தில் ஒன்றும் இல்லை. அந்த முடிவைச் சொல்ல அவர் மழையில் மேடேறி வந்தார். தபாலில் போட்டிருக்கலாம்.

பென்ஷன் எடுத்தபிறகு அவர் மகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வரும்போது குவாட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தார். அன்று கையில் பை இல்லை. எடை கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை. புதிதாக இந்தக் கட்டி வருகிறவர்கள் என்னிடம் அனுப்பப்பட்டால் பேசுவேனா என்று கேட்டார். வாட்டுக்காரர்கள் ஆறுதல் சொல்கிறேன் என்று எதையாவது சொல்லி வைக்கிறார்கள் என்றார்.

எனக்கே தினமும் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடிகிறது. என்னால் இன்னொருத்திக்கு என்ன சொல்ல முடியும்? "அதுவரைக்கும் இருந்தா சொல்றேங்க," என்றேன்.

"இருக்கிற வரைக்கும் சொன்னாப் போதும்," என்றார்.

கடிதம் எழுதுவதாகச் சொன்னார். ஒன்று வந்தது, திருச்சிப் பக்கத்திலிருந்து. நான் எழுதிய பதில் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

அமலா நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இந்த வருடம் மாசி மாதத்தில் வலப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை, பின்னால் புருஷன். ஆஸ்பத்திரியில் என் பேரை எழுதிக் கொடுத்தார்களாம். உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டாள்: "ஒங்களுக்கு வெட்டி எத்தன வருசங்க டீச்சர்?"

"ஒம்பது."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நான் எப்படி அந்தப் பாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேனோ, அப்படி இவள் என்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள். அந்த ஒன்பதோடு நிறுத்திவிடலாம். பொய் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், நிம்மதியாகப் போகட்டும். தேத்தண்ணீர் போட உள்ளே போய், அடுப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

வெளியே வந்து அவளிடம் பாக்கியத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கட்டியின் அளவு, உடைந்தது, நாலு வருடம் யாரும் பார்க்காமல் போனது, ஐப்பசியில் வயிறு கல்லானது.

"எதுக்குங்க டீச்சர் இதெல்லாம் இப்ப?" என்று புருஷன் எழுந்துவிட்டான். "நல்ல வார்த்தை கேக்கலாம்னு வந்தா… எந்திரி, போவோம்."

அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வாங்கில் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க செத்த வெளியில நில்லுங்க," என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். "எத்தன மாசத்துக்கு ஒருக்கா காட்டியிருக்கணுங்க அந்த அக்கா?"